‘வெளியேறு’ என்று இரண்டு பொத்தான்கள்

அனுப்புநர்:
பதிவு எண் 3316-இல் உள்ள நோயாளியின் மனைவி,
இரண்டாம் மாடி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வீடு,
லிஃப்ட் நிறுவன ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்போர் பதிவகம்.

பொருள்: பிரவுசரின் புதிய பதிப்புக்கு மாறிய நாளில் என் கணவரின் பெயர் காத்திருப்போர் பட்டியலிலிருந்து நீங்கியது – பழைய பதிவு நாளையும் ஏழாவது இடத்தையும் திருப்பித் தரக் கோருவது – முறையீட்டுக்கு இம்மாதம் 26ஆம் தேதியோடு கெடு முடிவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் இணையப் பக்கத்தில் இம்மாதம் 2ஆம் தேதி வெளியான அறிவிப்பு.
2. உதவி எண்ணில் 18ஆம் தேதி நான் பதிந்த வாய்மொழிப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனு தங்கள் மேசைக்கு வரும்போது கெடு முடிய மூன்று நாள் இருக்கும். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். எங்காவது வார்த்தை கூடிப்போனால் அது பதற்றத்தில் கூடியது, மரியாதைக் குறைவால் அல்ல.

1. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிறது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வலது கையில் இரண்டு முறை அறுவை செய்தும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. ஊசி ஏற்ற இடது கையில் ஒரே ஓர் இடம் மிச்சமிருக்கிறது. அதுவும் சில மாதங்களுக்குத்தான் தாங்கும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த கடிதத்தை இணைத்திருக்கிறேன். இம்மாதம் 11ஆம் தேதி காலை வரை பட்டியலில் அவர் ஏழாவது ஆள். இன்று அவர் பட்டியலிலேயே இல்லை. புதிதாகப் பதிந்தால் நானூற்றுப் பன்னிரண்டாவது ஆளாக நிற்க வேண்டும் என்கிறார்கள். அத்தனை காலம் அந்த இடது கை காத்திருக்காது.

2. பட்டியலில் இருப்பவர் ஒவ்வொரு புதன்கிழமையும் தங்கள் இணையப் பக்கத்தைத் திறந்து, உடல் தகுதியோடும் அழைத்தால் வரும் தூரத்திலும் இருப்பதாக உறுதி செய்து, ‘தொடர்கிறேன்’ என்ற பொருளில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும் என்பது தங்கள் விதி. அந்த வேலை என்னுடையது. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள். தங்கள் பக்கமோ முழுக்க ஆங்கிலம். மருந்துப் பெட்டிகளின் மேல் இருக்கும் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றேன். பிறகு தங்கள் பக்கத்தில் இருக்கும் நாற்பத்தொரு சொற்களையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் எனக்குப் புரிகிற மாதிரி பொருள் எழுதி வைத்தேன். லாக் அவுட் என்பதன் எதிரே ‘வேலை முடிந்தது, கதவைச் சாத்து’ என்று எழுதினேன். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும் வித்டிரா என்பதன் எதிரே சிவப்பு மையில் ‘தொடாதே’ என்று எழுதினேன். இருநூற்றேழு புதன்கிழமைகள் நான் அதைத் தொடவில்லை.

3. அந்த நோட்டில்தான் என் கணவர் நாளொன்றுக்குக் குடிக்கும் நீரின் அளவு, காலை எடை, மாலை எடை, புதன்கிழமை பக்கத்தைத் திறந்த நேரம், மூடிய நேரம் எல்லாம் இருக்கின்றன. பதிந்த அன்று தங்கள் அலுவலகம் கொடுத்த துண்டறிக்கையின் ஆறாவது விதி, வேலை முடிந்ததும் கட்டாயம் லாக் அவுட் செய்ய வேண்டும், திறந்தபடி விட்டால் பிறர் கை வைக்கலாம் என்கிறது. கடவுளைக் கும்பிடாமல் நான் அந்தக் கணினியைத் திறந்ததில்லை. லாக் அவுட் செய்யாமல் எழுந்ததும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் தவறு அந்த ஒழுங்கிலிருந்துதான் வந்தது என்பதால் சொல்கிறேன்.

4. இம்மாதத் தொடக்கத்திலிருந்து பிரவுசரின் மேல் ஓரத்தில் ஒரு நீலப் பட்டை வந்து நின்றது. புதிய பதிப்பு வந்துவிட்டது, கூடுதல் வேகம், கூடுதல் பாதுகாப்பு, உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று அது சொன்னது. ‘பிறகு’ என்று ஒரு பொத்தான் அதில் இருந்தது. நான் ‘பிறகு’ என்றேன். ஓடுகிற வண்டியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது என் கணவரின் தொழில்முறைக் கொள்கை. ஆனால் 2ஆம் தேதி தங்கள் பக்கத்திலேயே ஓர் அறிவிப்பு வந்தது. பழைய பதிப்புகளில் 12ஆம் தேதி முதல் இந்தப் பக்கம் திறக்காது, அனைவரும் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்று. 4ஆம் தேதி புதன்கிழமை அதை வாசித்தேன். அடுத்த புதன் 11ஆம் தேதி. அதற்கடுத்த புதன் பக்கம் திறக்காமல் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். 11ஆம் தேதி காலை எட்டே முக்காலுக்கு, தங்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, ‘மாற்றிக்கொள்’ என்பதை அழுத்தினேன். என் சொந்த விருப்பத்துக்கு அல்ல என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

5. கணினி அணைந்து எழுந்தது. ‘இனி உலகமே உங்கள் மொழியில்!’ என்று ஒரு வரவேற்பு வந்தது. தங்கள் பக்கத்தைத் திறந்தேன். நான்கு ஆண்டுகளாக நான் முட்டி மோதிக் கற்ற நாற்பத்தொரு சொல்லும் காணோம். எல்லாம் தமிழில் நின்றன. யாரும் கேட்காமல் அந்தப் புதிய பதிப்பு தானாகவே மொழிபெயர்த்து வைத்திருந்தது. ஐயா, எனக்கு அப்போது கண் கலங்கியது. கடவுள் என் சிரமத்தைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

‘தொடர்கிறேன்’ என்பதை ஒன்பது மணி மூன்று நிமிடத்துக்கு அழுத்தினேன். பிறகு வழக்கம்போலக் கதவைச் சாத்தப் பொத்தானைத் தேடினேன். அது எப்போதும் வலது மேல் மூலையில் இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் மேல் வரிசை மடிந்து, அந்த மூலையில் ஒன்றும் இல்லை. சற்றுக் கீழே ‘வெளியேறு’ என்று ஒரு பொத்தான் தெரிந்தது. அழுத்தினேன். ‘நிச்சயமாக வெளியேற விரும்புகிறீர்களா?’ என்று கேட்டது. பழைய பதிப்பு இப்படிக் கேட்டதில்லை. புதியது மரியாதை தெரிந்தது என்று எண்ணி ‘ஆம்’ என்றேன். ‘நீங்கள் வெற்றிகரமாக வெளியேறிவிட்டீர்கள். நன்றி’ என்று வந்தது. அன்றைய என் நோட்டுக் குறிப்பை அப்படியே தருகிறேன்: “9.06. வெளியேறியாயிற்று. புதியது மரியாதையாகக் கேட்கிறது. எல்லாம் தமிழ். கடவுளுக்கு நன்றி.”

லாக் அவுட்டுக்கும் ‘வெளியேறு’, வித்டிராவுக்கும் ‘வெளியேறு’ என்று அந்தப் பதிப்பு ஒரே சொல்லைப் போட்டிருந்தது எனக்கு ஒரு வாரம் கழித்தே தெரிந்தது. தெரியாத மொழியில் நான்கு ஆண்டுகள் வழுக்காதவள், தாய்மொழியில் ஒரே காலையில் வழுக்கி விழுந்தேன்.

6. 18ஆம் தேதி புதன்கிழமை பக்கத்தைத் திறந்தபோது ‘இந்த எண்ணில் பதிவு எதுவும் இல்லை’ என்று வந்தது. எண்ணைத் தப்பாக அடித்திருப்பேன் என்று ஐந்து முறை அடித்தேன். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய் அவருடைய அன்றைய தண்ணீரை அளந்தேன். கொட்டி, மறுபடி அளந்தேன். அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் ரெண்டு தடவ அளக்குற? என்ன ஆச்சு?” என்று கேட்டார். சொன்னேன். அளவுக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு, “ஏழாவது மாடில நின்ன லிஃப்ட்டு தரைக்கு வந்திருச்சு. பட்டன் ஒயரை மாத்திக் குடுத்தவன் எவனோ. நீ ஏன் அழற?” என்றார். அன்று முதல் இன்றுவரை ஒரு கடுஞ்சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

7. உடனே உதவி எண்ணில் பேசினேன். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு தம்பி எடுத்தார். “அம்மா, சிஸ்டம்ல தெளிவா இருக்கு. நீங்கதான் எடுத்திருக்கீங்க. நிச்சயமான்னு கேட்டிருக்கு, நீங்க ஆம்னு சொல்லியிருக்கீங்க. இதுக்கு மேல அது என்னம்மா கேக்கணும்?” என்றார். இரண்டு பொத்தானிலும் ஒரே சொல் இருந்தது என்றேன். “அது பிரவுசர்காரன் பண்ணது. எங்க பக்கம் எப்பவும் இங்கிலீஷ்லதான் இருக்கு” என்றார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் முன்னால் இருந்த திரையில் அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

பிரவுசர் நிறுவனத்துக்கும் எழுதினேன். எழுதி முடித்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. என் கருத்துக்கு நன்றியாம். புதிய பதிப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஐந்து நட்சத்திரத்துக்குள் சொல்ல வேண்டுமாம். நான் பதில் சொல்லவில்லை.

8. 19ஆம் தேதி வியாழக்கிழமை டயாலிசிஸ் பிரிவுக்குப் போனோம். அங்கே என் கணவருக்கு எதிர் நாற்காலியில் இருப்பவர் பணி ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். அவருக்குப் பக்கத்தைத் திறப்பவர் அவருடைய மருமகள். தன் கைபேசியில் செய்கிறார். எனக்கு மனம் கேட்காமல், “உங்க போன்ல எப்படிம்மா வருது, இங்கிலீஷா தமிழா?” என்று விசாரித்தேன். “போன வாரத்துலேர்ந்து தமிழ்க்கா. செம வசதி. நேத்து புதன்கிழமை உறுதி பண்ணிட்டு வெளிய வந்தேன்” என்றார். எப்படி வெளியே வந்தாய் என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே அவர் பக்கத்தைத் திறந்தார். ‘இந்த எண்ணில் பதிவு எதுவும் இல்லை.’ அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் எழுத முடியாது. மாமனார் நாற்காலியில் குழாய்களோடு படுத்தபடியே, “டிக்கெட் வாங்குனவனையே எறக்கி விட்டுட்டானுங்களா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த செவிலியர்கூடச் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை. அவர்கள் தனியே மனுக் கொடுக்கிறார்கள். அந்தப் பிரிவில் இருப்பது மொத்தம் ஆறு நாற்காலிகள். ஆறில் இரண்டு பேர் இப்படி. மற்ற பிரிவுகளில் எத்தனை பேர், தம் பெயர் பட்டியலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இன்னும் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. தங்களால் தெரிந்துகொள்ள முடியும்.

9. 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். மூன்றாம் எண் சாளரத்தில் முறையீட்டுப் படிவம் கொடுத்தார்கள். அதில் நீக்கத்துக்குக் காரணம் என்று இரண்டே கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டம்: ‘நோயாளியின் விருப்பப்படி விலகல்.’ இதில் குறியிட்டால் புதிதாகப் பதிய வேண்டும், நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது கட்டம்: ‘அனுமதியற்ற நபரால் நீக்கம் – அந்நபரின் பெயர், முகவரி.’ இதில் குறியிட்டால் பழைய இடம் இரண்டு நாளில் திரும்பும், அந்த நபர் மேல் விசாரணை நடக்கும்.

நான் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னக்கா யோசிக்கிறீங்க? ரெண்டாவதுல டிக்கப் போட்டு, வாடகைக்கு இருந்து காலி பண்ணிட்டுப் போன எவன் பேரையாவது எழுதுங்க. எல்லாரும் பண்றதுதான்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தன் பேனாவையும் நீட்டினார்.

வீட்டுக்கு வந்தேன். அந்தக் கணினியை எங்களுக்குக் கொடுத்தவர் என் கணவரின் தம்பி. இரவுக் காவல் வேலை பார்க்கிறவர். அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “என் பேரைப் போடுங்க அண்ணி. கம்ப்யூட்டரைக் குடுத்தவன் நான்தானே? விசாரணைன்னா வந்து நிக்கிறேன். என்ன, தூக்குலயா போட்டுருவாங்க?” என்றார். விசாரணை என்று ஒரு வரி பதிவானால் காவல் வேலையில் அவரை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

ஐயா, உண்மையைச் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்து வைத்து எடுத்தேன். என் கணவரின் உயிர் அந்த ஒரு குறியில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அழுத்தியது இந்த விரல். வேறு ஒருவன் பெயரை எழுதி, அதனால் ஓர் உறுப்பு கிடைத்து, அது என் கணவர் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்க, நான் எந்த முகத்தோடு கை கூப்பி நிற்பேன்? அவரிடமே கேட்டேன். “பொய் எழுதி வாங்குனா அது உள்ள ஒட்டாதுடி” என்றார், சிரித்துக்கொண்டே. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. பயம் அவருக்கும் இருக்கிறது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அதே நேரம், முதல் கட்டத்தில் குறியிடுவதும் பொய்தான். வாழ விருப்பமில்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நாளொன்றுக்கு எழுநூறு மில்லி தண்ணீரில் நான்கு கோடையைக் கழித்தவர் விருப்பப்படி விலகினார் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

10. இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். என் கணவர் இறங்கியதால் யாரோ ஒருவர் எட்டிலிருந்து ஏழுக்கு ஏறியிருப்பார். அவர் வீட்டிலும் ஒருத்தி தண்ணீரை அளந்துகொண்டிருப்பாள். அவர்களுக்கும் தங்கள் பக்கத்தில் அந்த எண் தெரிந்திருக்கும், மகிழ்ந்திருப்பார்கள். 11ஆம் தேதிக்குப் பிறகு அவருக்கு அழைப்புப் போய் உறுப்பும் கிடைத்திருந்தால், அது அவருடையது. அதைப் பற்றி எங்களுக்கு ஒரு புகாரும் இல்லை, என்றைக்கும் இருக்காது. இன்னும் போகவில்லை என்றால் மட்டும், எங்கள் இடத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். இதைக் கேட்கும்போது அவரை ஓர் இடம் கீழே தள்ளச் சொல்கிறேன் என்பதை அறிந்தே கேட்கிறேன்.

11. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: முதலாவதாக, பதிவு எண் 3316-க்கு அதன் பழைய பதிவு நாளும் இடமும் திரும்பக் கிடைக்க உத்தரவிட வேண்டும். நான் விலக நினைக்கவில்லை என்பதற்குத் தங்கள் கணினியே சாட்சி. அதே 11ஆம் தேதி காலை 9.03-க்கு ‘தொடர்கிறேன்’ என்று சொன்னவள், 9.06-க்கு விலகினாள் என்று அதில் பதிவாகியிருக்கும். மூன்று நிமிடத்தில் யாராவது கணவரின் உயிரைப் பற்றி மனம் மாறுவார்களா என்று தாங்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, புதிய பதிப்பு வெளிவந்த நாள் முதல் விலகியதாகப் பதிவானவர்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். ஒரு நாள் வேலைதான் இருக்கும். ஆள் போதவில்லை என்றால் நான் வந்து உட்கார்ந்து அழைக்கிறேன். நடத்துநரின் மருமகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பொத்தானில் ஒற்றைச் சொல்லாக எதையும் வைக்காமல், ‘பட்டியலிலிருந்து நோயாளியின் பெயரை நிரந்தரமாக எடுத்துவிடு’ என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். முழு வாக்கியத்தை எந்தப் பதிப்பு மொழிபெயர்த்தாலும் அதன் பயங்கரம் கொஞ்சமாவது மிஞ்சும். அதை அழுத்தியவருக்கு ‘வெற்றிகரமாக’ என்றோ ‘நன்றி’ என்றோ சொல்லவும் வேண்டாம்.

12. கடைசியாக, படிவத்தைப் பற்றி. இரண்டு கட்டங்களில் ஒன்றிலும் குறியில்லாத படிவம் நிராகரிக்கப்படும் என்று அதன் அடியில் அச்சிட்டிருக்கிறது. இரண்டு கட்டங்களையும் நான் வெறுமையாக விட்டிருக்கிறேன். அவற்றின் கீழே அளவுகோல் வைத்து, அதே அளவில், நீல மையால் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து அதில் குறியிட்டிருக்கிறேன். அரசுப் படிவத்தில் கை வைத்தது குற்றமென்றால் அந்தக் குற்றத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், பொறுப்பேற்கிறேன். ஆனால் அதற்காகப் படிவத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அந்தக் கட்டத்தின் எதிரே நான் எழுதியிருப்பது இதுதான்:

‘பொத்தானை அழுத்தியது நான். நாங்கள் வெளியேறவில்லை.’

இதற்கு மேல் சொல்ல என்னிடம் உண்மை எதுவும் மிச்சமில்லை. 26ஆம் தேதிக்குள் தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பதிவு எண் 3316-இன் மனைவி

இடம்: பதிவக அலுவலகம், மூன்றாம் எண் சாளரம்
நாள்: 23, திங்கட்கிழமை

இணைப்பு:
மருத்துவர் கடிதம்.
நோட்டின் 11ஆம் தேதிப் பக்கம், நகல்.
நாற்பத்தொரு சொற்களின் பட்டியல், நகல் (சிவப்பு மை நகலில் கறுப்பாக விழுந்திருக்கிறது, அசலைக் கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன்).
முறையீட்டுப் படிவம், மூன்று கட்டங்களுடன்.